லாச்சிச் சாவி யார் கையில்?

புறக்கோட்டையில் எமது வாப்பா புடவைக்கடை நடத்திய காலத்தில் ஒரு விடயத்தில் மட்டும் மிகக் கண்டிப்பாக இருந்தார். கடையில் வேலை செய்யும் எவரும் எதைப் பற்றியும் கருத்துச் சொல்லலாம். ஆனால் லாச்சிச் சாவி ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். இரண்டு பேரிடம் சாவி இருந்தால், மாலையில் கணக்குக் குறையும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்பது அவரது விளக்கம்.

வாப்பா கணினியைத் தொட்டதே இல்லை. ஆயினும் இன்று மென்பொருள் உலகில் 'புரொடக்ட் ஓனர்' என்று அழைக்கப்படும் பொறுப்பின் அடிப்படை இதுதான் என்பதைப் பல இலட்சம் ரூபாவை இழந்த பின்னரே நான் விளங்கிக்கொண்டேன். எமது வர்த்தகர்களில் பலர் இப்போது தமது கடைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் மென்பொருள் செய்விக்கிறார்கள். நாம் விட்ட தவறை அவர்களும் விடக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

மூன்று முதலாளிகள்

2015ஆம் ஆண்டு நாம் சகோதரர்கள் மூவரும் சேர்ந்து ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தோம். எமக்குத் தேவையானவை அனைத்தையும் எழுதித் தடித்த ஓர் ஆவணத்தில் கையொப்பமும் இட்டோம். அதன் பின்னர்தான் சிக்கல் ஆரம்பித்தது.

நானா கொள்வனவுக்குப் பொறுப்பானவர். இறக்குமதித் தீர்வை, கப்பற்கூலி எல்லாம் சேர்த்து ஒரு மீட்டர் துணி என்ன விலைக்கு வந்து விழுகிறது என்பதைக் கணினி சொல்ல வேண்டும் என்றார். தம்பி விற்பனையைப் பார்ப்பவர். வெளியூர் செல்லும் விற்பனையாளர்களுக்குத் தொலைபேசியில் ஒரு செயலி வேண்டும் என்றார். கணக்கு எனது பொறுப்பு. எனக்குக் காசோலைகளின் கணக்கு வேண்டியிருந்தது. இடையில் எமது சாச்சாவும் வந்து, பில் பழைய பில் புத்தகத்தைப் போலவே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாம் ஒவ்வொருவரும் தனித்தனியே அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தோம். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. அங்கிருந்த இளைஞரோ கடைசியாக யார் பேசினாரோ அவரது வேலையைச் செய்தார். 2016இல் நோன்புப் பெருநாள் வியாபாரம் சூடு பிடிக்கும் வேளையில் மென்பொருள் கடைக்கு வந்து சேர்ந்தது. ஒரு பில் போட நான்கு நிமிடங்கள் எடுத்தது. வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்க, மூன்றாம் நாளே பில் புத்தகத்தை மீண்டும் கையில் எடுத்தோம்.

போன பணத்தை விடவும் அதன் பிறகு வீட்டில் நடந்ததுதான் எனக்கு அதிக வேதனை அளித்தது. "நீங்க கேட்டதால்தான் தாமதம்" என்று தம்பி நானாவைப் பார்த்துச் சொன்னார். நானா பல வாரங்கள் அவருடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. யார் மீது பிழை என்று கேட்டால், இன்றும் என்னால் ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. மூவரும் உரிமையாளர்களாக இருந்த அந்த வேலைக்கு உண்மையில் உரிமையாளர் எவரும் இருக்கவில்லை.

பெயர் புதியது, பொறுப்பு பழையது

2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபர்ட் என்ற இடத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி ஒரு சிறிய பிரகடனத்தை வெளியிட்டனர். 'அஜைல்' என்ற பெயர் பரவியது அதன் பின்னர்தான். எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி, ஒன்றிரண்டு வருடங்கள் கழித்து மொத்தமாகக் கையளிப்பதற்குப் பதிலாக, சிறிது சிறிதாகச் செய்து, பாவிப்பவரிடம் காட்டி, திருத்திக்கொண்டு முன்செல்வதே அதன் சாரம்.

இந்த வழியில் அதிகம் கைக்கொள்ளப்படுவது 'ஸ்க்ரம்' என்ற முறையாகும். இதனை உருவாக்கிய கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லண்ட் ஆகிய இருவரும் 1995இலேயே இதனைப் பகிரங்கமாக முன்வைத்திருந்தனர். இதில் மூன்று பொறுப்புகள் உள்ளன. மென்பொருளைக் கட்டுபவர்கள் ஒரு சாரார். முறை ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறதா என்று பார்ப்பவர் இன்னொருவர். எதைக் கட்ட வேண்டும், எதை முதலில் கட்ட வேண்டும் என்று தீர்மானிப்பவரே புரொடக்ட் ஓனர். செய்ய வேண்டியவை அனைத்தும் முக்கியத்துவத்தின்படி ஒரே பட்டியலில் நிரற்படுத்தப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலுக்கு அவர்தான் பொறுப்பு.

இந்த முறைக்கான வழிகாட்டி நூல் 2010இல் முதன்முதலாக வெளிவந்து 2020இல் திருத்தப்பட்டது. புரொடக்ட் ஓனர் என்பவர் ஒரு தனிமனிதர், அவர் ஒரு குழுவாக இருக்க முடியாது என்று அது தெளிவாகக் கூறுகிறது. பட்டியலில் மாற்றம் வேண்டுமென்றால் நிறுவனத்தின் தலைவரே ஆனாலும் அவரிடம் சென்று எடுத்துச் சொல்லி இணங்க வைக்க வேண்டும். அவரது தீர்மானத்தை நிறுவனம் முழுவதும் மதிக்க வேண்டும். வாப்பாவின் லாச்சிச் சாவிதான் இது.

அமெரிக்காவில் நடந்தது

இது எம்மைப் போன்ற சிறிய கடைக்காரர்களின் பிரச்சினை மட்டும்தான் என எவரும் எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் எப்.பி.ஐ. புலனாய்வுத் துறை 2001இல் தனது வழக்குக் கோவைகளைக் கணினிமயப்படுத்தும் பெரும் திட்டமொன்றைத் தொடங்கியது. சுமார் 170 மில்லியன் டொலர் செலவான பின்னர், 2005இல் அந்த மென்பொருள் பாவனைக்கு வராமலேயே கைவிடப்பட்டது. தேவைகள் தெளிவாக வரையறுக்கப்படாமல் மாறிக்கொண்டே இருந்தமை ஒரு காரணம் என்று விசாரணைகளில் தெரியவந்தது. அந்தச் சில ஆண்டுகளுக்குள் தகவல் தொழில்நுட்பத்துக்கான தலைமைப் பதவியில் 5 பேரும் திட்ட முகாமையாளர் பதவியில் 10 பேரும் மாறி மாறி இருந்துள்ளனர். சாவி எத்தனை கைகளுக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள்.

'சென்டினல்' என்ற பெயரில் அடுத்த திட்டம் 2006இல் ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கப்பட்டது. அதுவும் இழுபட்டது. 2010இல் எப்.பி.ஐ. அந்த வேலையைத் தனது பொறுப்பிலேயே எடுத்து, சிறிய அணியொன்றைக் கொண்டு அஜைல் முறையில் செய்வித்தது. 2012 ஜூலையில் அது நாடு முழுவதும் பாவனைக்கு வந்தது.

மருமகனின் பட்டியல்

2018 ஜனவரியில் நாம் இரண்டாம் முறை முயன்றோம். இம்முறை ஒரு சிறிய நிறுவனம். வேலைக்குப் பொறுப்பாக வந்த யுவதி முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டார். "உங்களில் ஒருவர் மட்டும் என்னுடன் பேச வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்கு உடன்பட முடியாவிட்டால் வேலையை ஆரம்பிக்க வேண்டாம்" என்றார்.

வயதையும் மரியாதையையும் பார்த்தால் அந்தப் பொறுப்பு நானாவுக்கே போக வேண்டும். ஆனால் அவர் வருடத்தில் பாதி நாட்கள் வெளிநாட்டுக் கொள்வனவில் இருப்பவர். யோசித்துப் பார்த்ததில், ஆறு வருடங்களாக விற்பனை மேசையில் நிற்கும் எமது ராத்தாவின் மகனே பொருத்தமானவர் என்று பட்டது. எந்த வாடிக்கையாளர் எப்போது வருவார், எந்தக் கடைக்காரர் காசோலையைத் தள்ளிப் போடுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பாதி நாள் வேலையிலிருந்து அவரை விடுவித்தோம். இது மிக முக்கியம். நேரம் இல்லாதவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால், கட்டுபவர்கள் பதிலுக்காகக் காத்திருந்தே காலம் போய்விடும்.

மருமகன் முதலில் எடுத்தது காசோலைகளை. புறக்கோட்டை மொத்த வியாபாரம் பெரும்பாலும் முப்பது, அறுபது, தொண்ணூறு நாள் பிற்திகதியிட்ட காசோலைகளில் ஓடுகிறது என்பது வாசகர்கள் அறிந்ததே. எந்தக் காசோலை எந்த நாளில் வங்கிக்குப் போக வேண்டும், எவருடையது திரும்பி வந்திருக்கிறது என்பதை மட்டும் காட்டும் சிறிய மென்பொருள் இரண்டு வாரங்களில் கையில் கிடைத்தது. அடுத்த வாரமே, இரண்டு காசோலைகள் திரும்பி வந்திருந்த ஒரு கடைக்கு நாம் மீண்டும் சரக்கு ஏற்றப் போவதை அது காட்டிக் கொடுத்தது. அந்த ஒரு தடவையே செலவில் பெரும் பகுதியை மீட்டுத் தந்தது.

அதன் பிறகு பில், அதன் பிறகு இருப்பு என்று பட்டியல் நகர்ந்தது. ஊரிலிருந்து திரும்பிய நானா தனது விலைக் கணக்கு எங்கே என்று கேட்டார். மருமகனின் பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"பெரிய மாமா, வேணாம் என்டு சொல்லல்ல. பெருநாளைக்கு முந்தி பில் வேகமா ஓடணும். உங்கட வேலை அதுக்குப் பிறகு முதலாவதா நிக்குது."

மூத்தவருக்கு ஓர் இளைஞர் இப்படிச் சொல்வது எமது குடும்பங்களில் இலகுவான காரியமல்ல. நானாவின் முகம் சிவந்துவிட்டது. தம்பியும் நானும் ஒன்றும் பேசவில்லை. அன்று நாம் ஒருவர் "சரி, நானாவுடையதை மட்டும் செய்து கொடுங்கள்" என்று சொல்லியிருந்தால், 2016 மீண்டும் வந்திருக்கும். இரண்டு வாரம் கழித்து நானாவே விற்பனை மேசைக்கு வந்து, "மகன், பட்டியல்ல என்ட வேலை இப்ப எத்தனையாவது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியுடன் பாதி வெற்றி கிடைத்துவிட்டதாகவே நான் கருதினேன். அந்த வருடப் பெருநாள் வியாபாரத்தில் பில் புத்தகம் அலுமாரியை விட்டு வெளியே வரவில்லை. ஆகஸ்டில் நானாவின் கணக்கும் தயாரானது.

தம்பி கேட்ட செயலி கடைசி வரை செய்யப்படவில்லை. விற்பனையாளர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஓடரே போதுமாக இருப்பதை மருமகன் காட்டினார். முதல் முறை அந்தச் செயலிக்காக மட்டும் பெருந்தொகை கொடுத்திருந்தோம். நல்ல புரொடக்ட் ஓனரின் பெறுமதியை அறிய, அவர் செய்வித்தவற்றுடன் செய்விக்காமல் விட்டவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒருவரிடம் கொடுப்பது சரியா?

எல்லா அதிகாரத்தையும் ஒருவரிடம் கொடுத்தால் அது தன்னிச்சையாகிவிடாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த முறையில் அவரது அதிகாரத்துக்கு எல்லை உண்டு. எதை முதலில் செய்வது என்பது அவருடைய தீர்மானம். எப்படிக் கட்டுவது, இந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு கட்ட முடியும் என்பது கட்டுபவர்களுடைய தீர்மானம். அதில் அவர் தலையிட முடியாது. மேலும், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் செய்த வேலை எல்லோர் முன்னிலையிலும் காட்டப்படுகிறது. பிழையான தெரிவு என்றால் அது இரண்டு வருடம் மறைந்திருக்காது, இரண்டு வாரத்தில் வெளியே வந்துவிடும். கலந்தாலோசனை எல்லோருடனும் நடக்கட்டும். முடிவும் அதற்கான பொறுப்பும் ஒருவருடையதாக இருக்கட்டும்.

மென்பொருள் செய்விக்க எண்ணும் வர்த்தகர்களுக்கு நான் சொல்வது இதுதான். பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர் உங்களில் ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். வியாபாரத்தை உள்ளும் புறமும் அறிந்தவராக அவர் இருக்கட்டும், அவருக்கு நேரத்தைக் கொடுங்கள். அவரைத் தாண்டி நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுக்காதீர்கள். பணத்துக்கு உடனடியாகப் பயன் தரும் சிறிய வேலையிலிருந்து தொடங்குங்கள்.

எமது பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கணினித் துறை என்றால் நிரல் எழுதுவது மட்டும்தான் என்று நினைத்துப் பலர் ஒதுங்கி விடுகிறார்கள். கொழும்பிலுள்ள மென்பொருள் நிறுவனங்கள் பல வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக இயங்குகின்றன. வாடிக்கையாளரின் தொழிலை விளங்கி, கட்டுபவர்களுக்கு அதைத் தெளிவாகச் சொல்லி, 'இது இப்போது வேண்டாம்' என்று பண்பாக மறுக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கு இடமுண்டு. கடை மேசையில் வளர்ந்த ஒரு பிள்ளை இவற்றில் பாதியை ஏற்கனவே கற்றிருக்கிறது. மீதியைப் படித்துக்கொள்ளலாம்.

எமது மருமகன் இன்றும் அந்தப் பட்டியலை வைத்திருக்கிறார். எனது வேலையொன்று இப்போது அதில் ஏழாவது இடத்தில் நிற்கிறது. காத்திருக்கிறேன்.