வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்



"பொலிசுக்குப் போனேன்" என்று சொல்லும்போது நமது ஊர்களில் ஒரு பெண் இன்னும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனதையும் கச்சேரிக்குப் போனதையும் சொல்வதுபோல அதைச் சொல்ல முடிவதில்லை. அடித்தவனை விட்டுவிட்டு, முறைப்பாடு செய்யப் போனவளைத்தான் அயலவர் பார்க்கிறார்கள். அந்தப் படியில் ஏறிய ஒரு தாயின் அனுபவத்தையும், அன்று அவரோடு போன நான் செய்த ஒரு பிழையையும் இம்மாதம் உங்களிடம் சொல்ல வேண்டும்.

அவர் நமது கரையோர ஊர்களில் ஒன்றில் கைத்தறி நெய்து பிழைப்பவர். நான் ராத்தா என்றுதான் அழைப்பேன். யுத்த காலத்தில் வயலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. 2004இல் இருந்த வீட்டையும் கடல் கொண்டுபோனது. ஒரே மகளைத் தறியில் உழைத்தே வளர்த்துக் கலியாணம் முடித்துக் கொடுத்தார். மருமகன் மகளை அடிக்கத் தொடங்கிய முதல் இரண்டு வருடமும் ராத்தா வெளியே சொல்லவில்லை. மகளின் கை முறிந்த பிறகுதான் என்னிடம் வந்தார்.

மூவரும் பொலிஸ் நிலையம் போனோம். அது எந்த நிலையம் என்பது இங்கு முக்கியமல்ல. தமிழ் பேசும் உத்தியோகத்தர் அன்று கடமையில் இல்லை. மேசையில் இருந்தவருக்குச் சந்தையில் பேசுமளவு தமிழ் தெரியும். ராத்தா அழுதுகொண்டே சொன்னார். அவர் இடைக்கிடை தலையாட்டி, ஒன்றரைப் பக்கம் சிங்களத்தில் எழுதினார். எழுதி முடித்துப் புத்தகத்தைத் திருப்பி வைத்து, கையொப்பம் இடும்படி விரலால் காட்டினார்.

ராத்தா என்னைப் பார்த்தார். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம். மகளின் கைக்குழந்தை அயல் வீட்டில். எனக்கும் பஸ் பிடிக்க வேண்டிய அவசரம். "வெச்சிட்டு வாங்க ராத்தா, எழுதிட்டாங்கதானே" என்று நான்தான் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, கூட்டம் கூட்டமாகப் பெண்களுக்கு உரிமைகள் பற்றி வகுப்பு எடுக்கும் நான்தான் அப்படிச் சொன்னேன்.

மருமகனை அழைத்து எச்சரித்து அனுப்பினார்கள். நாலு மாதத்தில் அவர் மறுபடியும் அடித்தார். இம்முறை பொலிஸ் நிலையத்தில் கிடைத்த பதில்: "நீங்கள்தானே போன முறை சமாதானமாகப் போனீர்கள்?" சட்டத்தரணி ஒருவர் பழைய முறைப்பாட்டின் பிரதியை எடுத்து எங்களுக்குத் தமிழில் சொன்னார். கணவன் மனைவிக்கிடையே வாய்த்தர்க்கம் ஏற்பட்டதாகவும், கணவரை எச்சரித்தால் போதுமென்றும், வழக்குத் தேவையில்லை என்றும் அதில் இருந்தது. முறிந்த கையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

"நான் அப்பிடிச் சொல்லல்ல மகள். என்ட புள்ளைட கை உடைஞ்சதத்தான் சொன்ன," என்றார் ராத்தா. எனக்குப் பதில் வரவில்லை. அந்த எழுத்துக்குக் கீழே இருந்தது அவருடைய கையொப்பம். அதை இடச் சொன்னது நான்.

நமது பயம் எங்கிருந்து வந்தது?

எழுதியவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. தூர ஊரிலிருந்து மாற்றலாகி வந்து, மொழி தெரியாத இடத்தில் வேலை செய்யும் ஒருவர் அவர். விளங்கியதை எழுதினார், விளங்காததை விட்டுவிட்டார். ஆனால் அவர் விட்ட இடத்தில்தான் ஒரு பெண்ணின் உயிர் இருந்தது. நாமும் வாய் திறந்து கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று யோசித்தால், அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1990 ஜூன் மாதம் கிழக்கின் பொலிஸ் நிலையங்களை விடுதலைப் புலிகள் சுற்றிவளைத்துக் கைப்பற்றினார்கள். சரணடைந்த சிங்கள, முஸ்லிம் பொலிசார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு இராணுவம் கல்முனைக்குள் வந்தபோது தமிழ் ஆண்கள் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் காணாமல் போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். ஆக, நம் எல்லாச் சமூகத்திலும் சீருடையைப் பார்த்து நெஞ்சு பதறிய தாய்மார் இருக்கிறார்கள். சீருடைக்காரரின் வீட்டிலும் விதவைகள் இருக்கிறார்கள்.

2019ஐயும் மறக்க முடியாது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னர், ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் குண்டுகள் வெடித்து, பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அந்த வீட்டுக்கு வந்திருந்த புதியவர்கள்மீது முதலில் சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் மக்களே. அப்படியிருந்தும் அதன் பின்னான நாட்களில் தேடுதலுக்கும் சந்தேகப் பார்வைக்கும் முகம் கொடுத்தவர்களும் இதே மக்கள்தான். நம்பிக்கை என்பது இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய ஒன்று. மக்கள் பொலிசாரை நம்பிப் பேசினால், பொலிசாரும் மக்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவை நான் ராத்தாவின் சம்பவத்துக்குப் பிறகுதான் ஆறுதலாக வாசித்தேன். நீங்கள் வாயால் சொல்லும் முறைப்பாடு, நீங்கள் சொல்லும் மொழியிலேயே எழுதப்பட வேண்டும் என்கிறது அது. அந்த மொழியில் எழுத உத்தியோகத்தரால் முடியாவிட்டால், நீங்களே எழுதித் தரும்படி கேட்கலாம். உங்களால் எழுத முடியாவிட்டால் மட்டுமே அவர் வேறு மொழியில் எழுதலாம். அப்போதும் ஏன் அப்படி எழுதினார் என்ற காரணத்தைப் பதிய வேண்டும். எழுதியதை உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். பிழை இருந்தால் நீங்கள் சொல்லும் திருத்தம் அதனோடு சேர்க்கப்பட வேண்டும். கையொப்பம் இதற்கெல்லாம் பிறகுதான்.

இது யாரும் நமக்குச் செய்யும் தயவல்ல. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கருமமொழியானது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையும், பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் இரு மொழி தெரிந்தவர்கள் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் தாம் விரும்பும் மொழியில் வாக்குமூலம் கொடுக்க உரிமை உண்டு என்று பரிந்துரைத்தது. எழுத்தில் இருப்பது மேசைக்கு வந்து சேர, அந்த மேசைக்கு முன்னால் இருப்பவரும் கேட்க வேண்டியிருக்கிறது.

"உங்கள் ஆட்களுக்குக் காதி இருக்கிறாரே"

முஸ்லிம் சகோதரிகள் பலருக்குக் கிடைக்கும் பதில் இது. சிலருக்கு "மத்தியஸ்த சபைக்குப் போங்கள்" என்றும் சொல்லப்படுகிறது. விவாகரத்து, தாபரிப்பு போன்றவற்றைக் காதி விசாரிக்கலாம். ஆனால் கை முறிய அடிப்பது குற்றம். அதை விசாரிக்கும் அதிகாரம் காதிக்கு இல்லை. அது பொலிசின் வேலை, நீதவான் நீதிமன்றத்தின் வேலை.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இந்நாட்டின் எல்லா மதத்தவருக்கும் பொதுவானது. அடிப்பது மட்டுமல்ல, மனதை வதைப்பதும் அதில் அடங்கும். பாதிக்கப்பட்டவர் தாமே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். ஆபத்து உடனடியாக இருந்தால் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை தரலாம். விண்ணப்பம் 14 நாட்களுக்குள் விசாரணைக்கு எடுக்கப்பட வேண்டும். பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லுபடியாகும். அதை மீறினால் தண்டனை உண்டு. கணவனை மட்டும் நினைக்க வேண்டாம். சகோதரன், தகப்பன் போன்ற உறவினர் செய்யும் வன்முறைக்கும் இச்சட்டம் பொருந்தும்.

போகும்போது மனதில் வையுங்கள்

1. காயம் இருந்தால் முதலில் வைத்தியசாலைக்குப் போங்கள். முறைப்பாடு பிந்தினாலும் வைத்தியம் பிந்தக் கூடாது. "விழுந்துவிட்டேன்" என்று வைத்தியரிடம் சொல்லாதீர்கள். அவர் எழுதும் குறிப்புப் பின்னர் உங்கள் சாட்சியாகும்.

2. நடந்ததை வீட்டிலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். திகதி, நேரம், இடம், யார் பார்த்தார்கள் என்பவை இருக்கட்டும். எழுத முடியாதவர்கள் படிக்கும் பிள்ளையிடம் சொல்லி எழுதலாம்.

3. தனியே போகாதீர்கள். பெண்கள், சிறுவர் பிரிவு எங்கே என்று கேளுங்கள். பெண் உத்தியோகத்தரிடம் பேச விரும்புவதாகச் சொல்லுங்கள்.

4. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் கையொப்பம் இடாதீர்கள். "சேர், எனக்கு விளங்கும்படி வாசித்துக் காட்டுங்கள்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். சத்தம் போடத் தேவையில்லை.

5. முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதியவரின் பெயர் அல்லது இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டணம் செலுத்திப் பிரதி பெறலாம். காணாமல் போனோர் அலுவலகத்துக்குப் போன சகோதரிகளைக் கேளுங்கள். முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு பொலிஸ் துண்டின் பெறுமதியை அவர்கள் சொல்வார்கள்.

6. முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் பொறுப்பதிகாரியைச் சந்தியுங்கள். அதற்கும் மேலே உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் இருக்கிறார். பொலிசாருக்கு எதிரான முறைப்பாடுகளைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழு ஏற்கும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே உண்டு, தொலைபேசி 1996. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போவதானால் ஒரு மாதமே தவணை. ஆகவே "பிறகு பார்ப்போம்" என்று இருந்துவிடாதீர்கள்.

7. அவசரத்துக்கு 119. பெண்களுக்கான உதவிச் சேவை 1938. சிறுவர் தொடர்பில் 1929. இவற்றைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள்.

8. சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இரண்டாம் முறை

நாங்கள் மறுபடியும் போனோம். இம்முறை ராத்தா சொல்லச் சொல்ல, பத்தாம் வகுப்பில் படிக்கும் அவரது சகோதரியின் மகள் மூன்று பக்கம் எழுதியிருந்தாள். மேசையில் ஓர் இளம் பெண் கொன்ஸ்டபிள். அவருக்கும் தமிழ் வாசிக்க வராது. ஆனால் "கொஞ்சம் இருங்க அம்மா" என்று சொல்லி, உள்ளே போய்த் தமிழ் பேசும் சார்ஜன்ட் ஒருவரை அழைத்து வந்தார். முறைப்பாடு தமிழில் பதியப்பட்டது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் அந்தப் பெண் பிள்ளை ராத்தாவின் மகளுக்கு இரண்டு தடவை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

சார்ஜன்ட் வாசித்துக் காட்டினார். ராத்தா ஓரிடத்தில் கையை உயர்த்தினார். "சேர், வலக் கை எண்டு இரிக்கி. உடைஞ்சது இடக் கை." சார்ஜன்ட் திருத்தத்தைச் சேர்த்தார். அதன் பிறகே ராத்தா பேனையை வாங்கினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

கதை இத்தோடு சுகமாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. மகள் குழந்தையோடு தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் தாக்கிய வழக்கு தவணை தவணையாகப் போய்க்கொண்டிருக்கிறது. முதல் முறைப்பாட்டில் "வாய்த்தர்க்கம்" என்று இருப்பதை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒவ்வொரு தடவையும் எடுத்துக் காட்டுகிறார். அன்று நான் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தால் அந்த ஒன்றரைப் பக்கம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ராத்தா என்மீது கோபப்படவில்லை. "நூல் அறுந்தா முடிச்சுப் போட்டு நெய்யத்தானே மகள் வேணும்" என்றார். ஆனால் முடிச்சு விழுந்த இடம் துணியில் தெரியத்தான் செய்யும். உங்கள் ஊரில் யாராவது நாளை அந்தப் படியில் ஏறப் போகிறார் என்றால், அவரோடு நீங்களும் போங்கள். நேரம் எடுத்துப் போங்கள். கையொப்பத்துக்கு முன்னால், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.