கக்கூஸ் நாற்றத்துக்கு அத்தர் பூசுகிறோம்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபிக்கிறவர்கள் தாராளமாகக் கோபியுங்கள், ஆனால் முழுதாக வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

போன கிழமை தரம் 8 பிள்ளை ஒன்று மூன்றாம் பாடத்திலேயே மேசையில் தலை சாய்த்துப் படுத்துவிட்டது. விசாரித்தோம். காலையில் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். பைக்குள் தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே இருக்கிறது. "குடிச்சா கக்கூசுக்குப் போகணுமே டீச்சர்" என்றது. பக்கத்து வாங்குப் பிள்ளைகளிடம் கேட்டோம். பாதிப்பேர் அப்படித்தான். காலை 7.30 முதல் 1.30 வரை, புத்தளத்து வெயிலில், ஆறு மணித்தியாலம் வாய் நனைக்காமல் இருக்கிறார்கள். நோன்பல்ல, நாற்றத்துக்குப் பயம். இப்படி அடக்கி அடக்கித்தான் பெண்பிள்ளைகளுக்குச் சிறுநீர்ப்பாதையில் கிருமித்தொற்று வருகிறது. உம்மாமாருக்கு இது தெரியும்.

2018இலும் 2019இலும் கொழும்புக் குப்பையை அறுவக்காட்டில் கொட்டவேண்டாம் என்று வீதியில் இறங்கிய ஊர் இது. நாங்களும் பதாகை பிடித்தோம். அது சரியான போராட்டம், இன்றும் அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அடுத்தவனுடைய குப்பைக்கு அவ்வளவு கூட்டம் கூடிய நாம், நம் பிள்ளைகளின் கக்கூசுக்கு ஒரு பத்துப்பேர் கூடினோமா? சுத்தத்தைப் பற்றிய ஹதீஸை மட்டும் பாடசாலைச் சுவரில் மூன்று மொழியிலும் அழகாக எழுதி வைத்திருக்கிறோம்.

கூட்டங்களில் இதைப் பேசினால் இரண்டு கட்சி எழும்புகிறது.

முதல் கட்சி அசிட் கட்சி. "நல்ல அசிட்டா ரெண்டு கேன் வாங்கி ஊத்துங்க, மேல வாசம் வாற உருண்டைய போடுங்க." வருடக்கணக்கில் இதைத்தானே செய்தோம். நாற்றம் போனதா? கூடித்தான் இருக்கிறது. காரணம் மறைவானதல்ல. அசிட் மஞ்சள் படிவை மட்டும் அரிப்பதில்லை, ஓடுகளுக்கு நடுவே உள்ள சீமெந்தையும் அரிக்கிறது. அந்த இடுக்கில் சிறுநீர் இறங்கி ஊறுகிறது. பிறகு மேலே எத்தனை வாளி ஊற்றினாலும் உள்ளே ஊறியது வெளியே வராது. அடுத்த மாதம் இன்னும் ஒரு கேன். இதில் யாராவது ஆர்வக் கோளாறில் அசிட்டோடு பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915இல் ஈப்ர் போர்க்களத்தில் ஜேர்மன் படை திறந்துவிட்டது அதே வாயுதான். மூடிய கக்கூசுக்குள் அதைச் சுவாசிக்கப்போவது கழுவ வருகிற ஏழைப் பெண்.

வாச உருண்டைக்கும் ஒரு வார்த்தை. நப்தலீன் உருண்டை சிறு பிள்ளைகள் புழங்கும் இடத்துக்குரிய பொருளே அல்ல. ஜீ6பீடி என்ற நொதியக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைக்கு அது இரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். எந்தப் பிள்ளைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று நெற்றியில் எழுதியிருக்காது.

இரண்டாவது கட்சி வாட்ஸ்அப் மூலிகைக் கட்சி. இவர்கள் நம் ஆட்கள், நாங்களும் மனதளவில் இந்தப் பக்கம்தான், அதனால்தான் கூடுதலாகக் கோபம் வருகிறது. வேப்பிலையைத் துணியில் கட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்று ஒரு குரல்பதிவு ஊரெல்லாம் சுற்றியது. ஒரு வீட்டில் செய்து பார்த்தார்கள். நான்காம் நாள் துணி அவிழ்ந்து, இலை அழுகி, வால்வு அடைத்துக்கொண்டது. மூலிகை நல்லதுதான், ஆனால் கழுவாத கக்கூசில் ரம்பை இலை தொங்கவிடுவது குளிக்காத உடம்பில் அத்தர் பூசுவது போன்றது. இரண்டு வாசமும் சேர்ந்து குமட்டும்.

உம்மும்மாமார் கடையில் வாங்கியா கழுவினார்கள்? சாம்பலும் தும்பும் வைத்துத் தேய்த்தார்கள். பித்தளைக் குடத்துக்குப் பழப்புளி, துருக்கறைக்குப் பிலிங்காய். எதை எதற்குப் போடவேண்டும் என்று தெரிந்து போட்டார்கள். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். பக்கத்திலேயே சுண்ணாம்புக்கல் தோண்டிச் சீமெந்து செய்கிறார்கள், தண்ணீர் வேறெப்படி இருக்கும்? கோப்பையில் வெள்ளையாகவும் மஞ்சளாகவும் பிடிக்கிற அந்தப் படிவுக்குள்தான் நாற்றம் குடியிருக்கிறது. அதைக் கரைக்கத் தேசிக்காய்ப்புளியோ வினாகிரியோ போதும். கோப்பைத் தண்ணீரை இறைத்துவிட்டு, இரவே தடவி, காலையில் தும்புத்தடியால் தேய்க்கவேண்டும். ஒரு நாளில் போகாது, நான்கைந்து தடவை செய்யவேண்டும். சர்பத்துக்குப் பிழிந்த தேசிக்காய்த் தோலை வீசாமல் அதைக்கொண்டே தேய்க்கலாம். தண்ணீர்க் குழாய்க்குக் கீழே வருகிற செங்கபிலத் துருவுக்குப் பிலிங்காயை நசுக்கி வையுங்கள். சீமெந்துத் தரையில் மட்டும் புளி எதையும் ஊறவிடாதீர்கள், அங்கே சவர்க்காரத் தண்ணீரும் தும்பும்தான்.

கழுவிக் காய்ந்த பிறகு வாசம் வேண்டுமா, பங்கிரி எண்ணெய் இருக்கிறது. நம் நாட்டில், மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கம் விளைகிற புல்லிலிருந்து எடுப்பது. எண்ணெய் தண்ணீரில் கலக்காது, முதலில் சவர்க்காரத் தண்ணீரில் சில துளி விட்டு அடித்துக் கலக்கித் தரை துடையுங்கள். நுளம்பும் சற்று நேரம் விலகும். ஆனால் கிருமி போக்க அதை நம்பாதீர்கள். அதற்குத் தேய்ப்பும் தண்ணீரும் வேண்டும், வயிற்றோட்டம் பரவுகிற நாட்களில் அளவாகப் பிளீச்சிங் பவுடரும் வேண்டும், தனியாக.

மூலிகையாலும் முடியாத ஒன்று காற்றோட்டம். பெண்பிள்ளைகளுக்கு மறைப்பு வேண்டும் என்று சுவர்க் கிராதி முழுவதையும் ஹார்ட்போர்ட் அடித்து மூடியது யார்? நாம்தான். மறைப்பு தலை உயரத்துக்குப் போதுமே. அதற்கு மேலும் அடைத்து, தரை காயவிடாமல் செய்துவிட்டு, வாச உருண்டைக்குச் சந்தா சேர்க்கிறோம்.

"கக்கூஸ் கழுவவா டீச்சர்மார் படிச்சு வந்தீங்க?" என்று ஒரு ஹாஜியார் நேரிலேயே கேட்டார். ஆமாம் ஹாஜியார். ஆசிரியர் கலாசாலை விடுதியில் முறை வைத்துக் கழுவிப் பழகினோம், கை தேய்ந்துவிடவில்லை. கழுவுகிறவரைக் கீழாகப் பார்க்கிற பழக்கம் இருக்கும்வரை எந்த மூலிகையைப் போட்டும் பலனில்லை. பிள்ளைகளைக் கழுவ வைக்கச் சொல்லவில்லை, நாங்கள் கழுவுகிறோம்.

வருகிற சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்குகிறோம். பிலிங்காய் மரம் உள்ள வீட்டார் ஒரு பை அனுப்புங்கள். உம்மாமார் தேசிக்காய்த் தோலைச் சேர்த்து வையுங்கள். வாப்பாமார் வெறுங்கையோடு வராமல், அந்த ஹார்ட்போர்ட்டின் மேல்பாதியைக் கழற்ற ஆளுக்கொரு சுத்தியலோடு வாருங்கள்.