மஞ்சள் பூத்ததெல்லாம் கரிசலாங்கண்ணி ஆகுமா?

அடுகோடியில் காலை நடைக்குப் போகும் நம்மவர்கள் சிலர் கையில் இப்போதெல்லாம் ஒரு பை இருக்கிறது. பூங்கா ஓரத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மதிலடியிலும் தரையோடு படர்ந்து மஞ்சளாய்ப் பூத்திருக்கும் ஒரு செடியைக் கிள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். கேட்டால், "மஞ்சள் கரிசலாங்கண்ணி சார், ஈரலுக்கு நல்லது" என்று பதில் வருகிறது.

அது கரிசலாங்கண்ணி அல்ல. மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் பக்கமிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி. சிங்கப்பூர் டெய்சி என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான். இரண்டையும் முன்பு வெடேலியா என்ற ஒரே இனத்தில் வைத்திருந்தார்கள். வம்பு இங்கேதான் தொடங்குகிறது. நர்சரிக்காரர் இதை வெடேலியா என்று சொல்லி விற்கிறார். வாங்கியவர் கைப்பேசியில் வெடேலியா என்று தேடினால் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் மருத்துவ குணங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. மறுநாள் அது வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றுகிறது!

பூவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இலையைப் பாருங்கள். நம் செடியின் இலை நீண்டு ஒடுங்கியிருக்கும், பிளவு இராது, விளிம்பில் இலேசான பற்கள் மட்டும். வந்தேறிச் செடியின் இலை தடித்துப் பளபளக்கும். மேல்பாதி அகன்று இருபுறமும் காது போல மடல் பிரிந்து மூன்று பிரிவாகத் தெரியும். டிரைலோபேட்டா என்பதற்குப் பொருளே மூன்று மடல் என்பதுதான். ஆனால் எல்லா இலையிலும் மடல் தெளிவாக இராது, ஆகையால் ஒரே இலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அந்தச் செடி மேல் எனக்குப் பகையில்லை. ரயில்வேயில் கரைகளையும் சரிவுகளையும் பார்த்துக் காலம் கழித்தவன் நான். மழையில் மண் அரிக்காமல் இறுகப் பிடித்துக்கொள்ளும் எதையும் மதிப்பேன். ஆனால் ஒரு கணுத் துண்டு விழுந்தாலும் வேர்விட்டு, மற்றதை மூடி வளர்ந்துவிடும். உலகில் பெருங்கேடு செய்யும் 100 அந்நிய உயிரினங்கள் என்று வல்லுநர்கள் தொகுத்த பட்டியலில் இதுவும் உண்டு. கத்தரித்த கழிவைச் சாக்கடையில் தள்ளுகிற குடியிருப்புச் சங்கத்தார் இதைக் கவனிக்க வேண்டும்.

உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணிக்குப் பெருமை குறைவில்லை. பொற்றலைக் கையாந்தகரை என்பது அதன் பழைய பெயர். கரிசலாங்கண்ணியை வள்ளலார் எவ்வளவு உயர்த்திச் சொன்னார் என்பது பலருக்கும் தெரிந்ததே. விஞ்ஞானமும் அதை ஒதுக்கவில்லை. 1956-இல் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவர் குழுவினரும் இந்தச் செடியிலிருந்து எடுத்த ஒரு பொருளின் அமைப்பைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். வெடெலோலாக்டோன் என்று பெயர். வெள்ளைப் பூ பூக்கும் கரிசலாங்கண்ணியிலும், அதாவது இங்குள்ள கன்னடக்காரர்கள் கருகத சொப்பு என்பதிலும், அதே பொருள் இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் கோவிந்தாச்சாரி. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மஞ்சள் காமாலை ஓர் அறிகுறிதான். நோய் அதற்குப் பின்னால் இருக்கிறது. கெட்ட தண்ணீரால் வரும் ஹெப்பாடிடிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்த நேரத்தில் எந்தக் கீரையை அரைத்துக் கொடுத்தாலும் அதற்கே புகழ் போய்ச் சேரும். ஹெப்பாடிடிஸ் பி-யோ, பித்தக் குழாயில் அடைத்த கல்லோ எப்போதும் அப்படிப் போய்விடாது. கண் மஞ்சளித்தால் முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகு சித்த மருத்துவரிடம் போவதானாலும் போகலாம். சாலையோரப் புகையிலும் பூச்சிமருந்திலும் நாய்களின் காலடியிலும் வளர்ந்த தவறான செடியை விழுதாக்கி வெறும் வயிற்றில் குடிப்பது எந்த வைத்தியத்திலும் சேராது.

ஊரை விட்டு வரும்போது பெயர்களை நாம் கொண்டுவந்தோம், செடிகளை அங்கேயே விட்டுவிட்டோம். வயல் வரப்பில் குனிந்து பறித்த பாட்டிக்குப் பெயரும் இலையும் சேர்ந்தே தெரியும். இங்கே பிறந்த பேரனுக்குப் பெயர் மட்டும் கேள்வி ஞானம். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அ, ஆ சொல்லித் தருகிறோம். அத்தோடு பத்துத் தொட்டிகள் வைத்தால் என்ன? இரண்டு கரிசலாங்கண்ணியும், பக்கத்திலேயே அந்த மூன்று மடல் செடியும் இருக்கட்டும். தொட்டுப் பார்த்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள், செடி தெரிந்த பெரியவர் ஒருவரைக் கேட்டு, வேர்விட்ட தண்டு இரண்டை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். தொட்டியும் மண்ணும் என் பொறுப்பு.