கட்டிப்போட்ட பெருமை

ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு எட்டாத ஊர்கள் அல்ல. 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலையே வந்தது. அந்தப் பெருமைக்கென்று வாங்கிவந்த நாயைத் தகரக் கொட்டகையில் பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சிப்பிப்பாறை, கரிசல் காட்டில் முயல் விரட்ட வளர்த்த இனம். காலையும் மாலையும் ஓடியே தீரவேண்டும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெங்கும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். சித்திரை வெயிலில் வேப்பமர நிழலும் சட்டி நிறையத் தண்ணீரும் இல்லையென்றால் உயிரே போய்விடும். திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமணர், திருவண்ணாமலை ஆசிரமத்தில் நாய்களுக்கு முதலில் சோறு வைக்கச் சொன்னவர்; ஜாக்கி என்ற நாய்க்கு அங்கே சமாதியும் உண்டு. அவர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு மிச்சம் மீதியை மட்டும் நாய்க்குக் கொட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. தடுப்பூசியிலும் இதே அலட்சியம்தான். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் மறுபடியும். நோய் முற்றி வெளிப்பட்டால் நாய்க்கும் மருந்தில்லை, கடிபட்ட பிள்ளைக்கும் இல்லை. கால்நடை மருந்தகத்துக்கு மாட்டை ஓட்டிப்போகும்போது நாயையும் கூட்டிப்போங்கள்.