எல்லைக்கு இருபுறமும் ஓணம்

பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறுகிறது. வாழையும் ரப்பரும் மாறுவதில்லை. ஆவணி பிறந்துவிட்டால் இரண்டு பக்கத்து முற்றங்களிலும் அத்தப்பூக் கோலம். முன்பு நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருந்த ஒற்றசேகரமங்கலம் போன்ற ஊர்களில், ஓணம் யாருடைய விழா என்று கேட்டால் ஒரு வரியில் பதில் கிடைக்காது.

கதை தெரிந்ததுதான். மூன்றடி மண் கேட்டு வந்த வாமனன், மகாபலியைப் பாதாளத்துக்கு அனுப்புகிறான். குடிமக்களைக் காண ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோக மன்னனுக்கு அனுமதி. ஆனால் மகாபலி வேள்வி நடத்தியது நர்மதைக் கரையில் என்கிறது பாகவதம். கேரளமோ எர்ணாகுளம் அருகே உள்ள திருக்காக்கரை வாமனர் கோயிலைக் காட்டுகிறது. முற்றத்தில் களிமண்ணால் கூம்பாகப் பிடித்துவைக்கும் உருவத்துக்கும் திருக்காக்கரையப்பன் என்றுதான் பெயர். வரவேற்பு மகாபலிக்கு, பூஜை வாமனனுக்கு. தோற்றவனையும் வென்றவனையும் ஒரே நாளில் உபசரிக்கும் விழா இது.

தமிழுக்கும் ஓணம் புதிதல்ல. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, பாண்டியரின் தலைநகரில் மாயோனுக்கு உரிய ஓண நாள் கொண்டாடப்பட்டதைச் சொல்கிறது. பெரியாழ்வாரும் திருவோணத்தைப் பாடியிருக்கிறார். பிற்காலத்தில் தமிழகத்தின் பெரும்பகுதி இந்த விழாவை மறந்தது. மலைக்கு மேற்கே அது நிலைத்தது.

நிலைத்ததற்கு வயலும் ஒரு காரணம். கேரளத்தில் 'விரிப்பு' எனப்படும் முதல் போகம் சிங்க மாதத்தை, அதாவது ஆவணியை ஒட்டி அறுவடைக்கு வரும். நாஞ்சில் நாட்டிலும் போகங்களுக்கு மாதத்தின் பெயர்தான்: கன்னிப்பூ, கும்பப்பூ. ஒன்று புரட்டாசியை ஒட்டி, மற்றது மாசியை ஒட்டி. காவிரிக்கரையில் தை பிறக்கும்போது நெல் களத்துக்கு வருகிறது. இங்கோ கும்பப்பூ அப்போதும் வயலில் நிற்கும். மழைக்காலப் பஞ்சம் தீர்ந்து, புது நெல் வரும் ஆவணிதான் இந்த மண்ணுக்கு வயிறு நிறையும் காலம். காணி நிலத்தை விற்றாவது ஓணம் உண்ண வேண்டும் என்ற மலையாளப் பழமொழி பிறந்தது அதனால்தான்.

1956 நவம்பர் 1 அன்று எல்லைக்கோடு விழுந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கம் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பிறகு, 1961ல், ஓணத்தைத் தன் மாநில விழாவாக அறிவித்தது கேரளம்.

கோடு விழுந்தாலும் பண்டிகை பிரியவில்லை. ஓணத்துக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை. பொங்கலுக்குத் திருவனந்தபுரம் உள்ளிட்ட, தமிழகத்தை ஒட்டிய கேரள மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை. இரு அரசுகளும் ஓசையில்லாமல் செய்துகொண்ட நல்ல ஏற்பாடு.

ஆனால் நீர் விஷயத்தில் அந்த இணக்கம் இல்லை. ஒற்றசேகரமங்கலத்துக்கு மேலே நெய்யாறு அணை இருக்கிறது. அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு தாலுகா வரை பாசனத்துக்காக வெட்டப்பட்டது. 2004ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடையிலான நதியே அல்ல என்பது அதன் வாதம். இரு பகுதிகளும் ஒரே அரசின் கீழ் இருந்தபோது திட்டமிட்ட கால்வாய் இது என்பது தமிழகத்தின் வாதம். 2012ல் தமிழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

வயலும் சுருங்கிவிட்டது. 1970களின் நடுவில் கேரளத்தில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. இப்போது சுமார் 2 லட்சம்தான். வயலை மேடாக்குவதைத் தடுக்க 2008ல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. எல்லைக்கு இந்தப் பக்கமும் பல வயல்களில் இன்று வாழையும் ரப்பரும். ஓண சத்யைக்கு அரிசி ஆந்திரத்திலிருந்து வருகிறது. காய்கறியும் தோவாளைப் பூவும் தமிழகத்திலிருந்து.

ஆக, அறுவடை விழா இருக்கிறது, அறுவடைதான் குறைகிறது. வாமனன் மூன்றடியில் அளந்ததை மனிதர்கள் சென்ட் கணக்கில் அளந்து முடிக்கிறார்கள். மகாபலி இன்று வந்தால் அவரை வரவேற்கப் பூக்கோலம் இருக்கும், பதினைந்து வகைக் கறியும் இருக்கும். காட்டுவதற்கு ஒரு வயல் இருக்குமா என்பதுதான் இரு பக்கத்து ஊர்களுக்கும் பொதுவான கேள்வி.