ஒரு நகரத்தின் வாழ்வும் தாழ்வும்

நகரங்களுக்கும் மனிதர்களைப் போலவே பிறப்பும் வாலிபமும் முதுமையும் உண்டு என்று சொல்வார்கள். கேட்க நன்றாயிருக்கும் இந்த உவமை முழுதும் பொருந்தாது. மனிதனை முதுமை தானாகவே வந்து பிடிக்கிறது. நகரமோ பெரும்பாலும் தன் கையாலேயே தன் தாழ்வைத் தேடிக்கொள்கிறது. ஐரோப்பிய சரித்திரத்தில் இதற்கு வியன்னாவைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

டான்யூப் நதிக்கரையில் ரோமானியப் படைகளின் பாசறையாகத் தொடங்கிய அந்த ஊர், பிற்காலத்தில் ஹாப்ஸ்பர்க் வம்சத்தாரின் தலைநகராயிற்று. 1529-லும் 1683-லும் துருக்கியப் படைகள் அதை முற்றுகையிட்டன. இரண்டாம் முற்றுகையின்போது, சுமார் இரண்டு மாத காலம் மதில்களுக்குள்ளே நகரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. போலந்து மன்னர் ஸோபியெஸ்கியின் தலைமையில் வந்த துணைப் படையே அதை மீட்டது. நகரம் பிழைத்ததற்கே வெளியாரின் உதவி வேண்டியிருந்தது.

அதன் புகழும் வெளியாரால் வந்ததுதான். வியன்னா என்றதும் உலகம் நினைப்பது சங்கீதத்தை. அந்தச் சங்கீதத்தை வளர்த்தவர்கள் யார்? ஹைடன், வண்டிச் சக்கரம் செய்பவரின் மகன். கிராமத்திலிருந்து தேவாலயத்தில் பாட வந்த சிறுவன். மோஸார்ட் 1781-ல் ஸால்ஸ்பர்க்கிலிருந்து வந்து குடியேறினார். பீத்தோவன் 1792-ல் ஜெர்மனியின் பான் நகரிலிருந்து வந்தார். பிராம்ஸ் ஹாம்பர்க்காரர். வியன்னாவிலேயே பிறந்த ஷூபர்ட்டின் தந்தைகூட மொரேவியாவிலிருந்து பிழைக்க வந்த பள்ளி ஆசிரியர்தான். வியன்னா இந்த மேதைகளையெல்லாம் பெற்றெடுக்கவில்லை. வந்தவர்களுக்குக் கேட்கும் செவியையும், ஆதரிக்கும் கையையும், போட்டி போடத் தக்க தோழர்களையும் அது கொடுத்தது.

1857-ல் பிரான்ஸிஸ் ஜோஸப் சக்கரவர்த்தி ஒரு முக்கியமான உத்தரவு பிறப்பித்தார். நகரைச் சுற்றியிருந்த பழைய மதில்களை இடித்துவிடுங்கள் என்பதே அது. மதில் நின்ற இடத்தில் 1865-ல் அகன்ற வட்டச் சாலை திறக்கப்பட்டது. அதன் இருமருங்கிலும் ஆபரா மாளிகை, பாராளுமன்றம், சர்வகலாசாலை, நகரசபைக் கட்டடம் எல்லாம் எழுந்தன. 1867-ம் ஆண்டுச் சட்டங்கள் யூதர் உட்பட எல்லாப் பிரஜைகளுக்கும் சம உரிமையும், விரும்பிய இடத்தில் குடியிருக்கும் சுதந்திரமும் அளித்தன.

பிறகு கேட்பானேன்? சாம்ராஜ்யத்தின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்தார்கள். மாளிகைகளுக்கான செங்கல்லைச் சூளைகளில் வேகவைத்தவர்கள் செக் தொழிலாளர்கள். மனத்தின் ஆழத்தை ஆராய்ந்த பிராய்டு, மொரேவியாவிலிருந்து சிறு பிள்ளையாக வந்த யூதர். ஆபராவைப் பத்து ஆண்டுகள் நடத்திய மாலர், பொஹீமியாவில் பிறந்த யூதர். 1910-ல் ஜனத்தொகை 20 லட்சத்தைத் தாண்டியது. ஒரு கோப்பைக் காப்பியின் விலைக்கு நாள் முழுவதும் பத்திரிகை படித்து வாதம் செய்யலாம் என்ற காப்பிக் கடைகளில் புதிய இலக்கியமும் புதிய தத்துவமும் உருவாயின.

ஆனால் வீழ்ச்சியின் விதையும் அதே காலத்தில்தான் ஊன்றப்பட்டது. மாளிகைகளைக் கட்டிய தொழிலாளிக்குத் தலை சாய்க்க இடமில்லை. தூங்குவதற்கு ஒரு கட்டிலை மட்டும் சில மணி நேரம் வாடகைக்குப் பிடித்தவர்கள் ஏராளம். இந்தக் குறைக்குப் பரிகாரம் தேடுவது ஒரு வழி. பழியைச் சுமத்த ஓர் ஆளைத் தேடுவது மற்றொரு வழி. 1897 முதல் 1910 வரை மேயராயிருந்த கார்ல் லூகர் இரண்டையும் செய்தார். குடிநீர், எரிவாயு, டிராம் வண்டி ஆகியவற்றை நகரசபையின் பொறுப்பில் சீராக நடத்தினார். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் வாக்குச் சேர்த்தது யூதத் துவேஷத்தைக் கிளப்பித்தான். ஓவியக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் அங்கே அலைந்துகொண்டிருந்த ஓர் இளைஞன் அந்த வித்தையைக் கவனித்து வைத்துக்கொண்டான். பிற்பாடு தன் புத்தகத்தில் லூகரைப் புகழ்ந்தும் எழுதினான். அவன் பெயர் ஹிட்லர்.

1918-ல் சாம்ராஜ்யம் சிதறியது. சிறிய நாட்டுக்குப் பெரிய தலைபோல் வியன்னா பசியோடு நின்றது. அந்த வறுமையிலும் 1919-க்கும் 1934-க்கும் இடையே நகரசபை ஏழைகளுக்கு 60,000-க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. சுவர் இருந்தால்தானே சித்திரம்! ஆகவே, சாம்ராஜ்யம் போனதால் வியன்னா வீழ்ந்தது என்று சொல்ல முடியாது.

வீழ்ந்தது 1938 மார்ச்சில். ஹிட்லரின் படைகளைப் பெருங்கூட்டம் ஆரவாரித்து வரவேற்றது. யூத முதியவர்களையும் பெண்களையும் தெருவில் மண்டியிட வைத்துத் தரையைத் தேய்க்கச் செய்தார்கள். சுற்றி நின்று சிரித்தவர்கள் அந்நியரல்லர். நேற்றுவரை அடுத்த வீட்டில் வாழ்ந்தவர்கள். 82 வயதான பிராய்டு அந்த ஜூன் மாதத்தில் லண்டனுக்குப் போனார். அவருடைய நான்கு சகோதரிகள் பின்னர் நாஜிகளின் முகாம்களில் மாண்டனர். எரிக் காண்டல் என்ற சிறுவன் 9 வயதில் அமெரிக்கா சேர்ந்தான்; 2000-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றவர் அவரே. தப்ப முடியாமல் கொல்லப்பட்ட ஆஸ்திரிய யூதர் 65,000-க்கும் அதிகம். அவர்களில் எத்தனை காண்டல்கள் இருந்தார்கள் என்று யார் கணக்கிட முடியும்?

1945-ல் குண்டு விழுந்து எரிந்த ஆபரா மாளிகையைப் பத்தே ஆண்டுகளில் மீண்டும் திறந்துவிட்டார்கள். கல்லையும் மரத்தையும் திரும்பக் கொண்டுவருவது எளிது. ஆஸ்திரியருக்கும் அந்தக் குற்றத்தில் பங்குண்டு என்று நாட்டின் பிரதமர் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள 1991 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்று வியன்னாவின் ஜனத்தொகை மறுபடியும் 20 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. இழந்த எண்ணிக்கையை எட்ட ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இம்முறையும் எண்ணிக்கையைக் கூட்டியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களே; ஐவரில் சுமார் இருவர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஆனால் வந்தவர்களைக் காட்டி அச்சமூட்டும் அரசியலும் திரும்பியிருக்கிறது. 2024-ல் நடந்த ஆஸ்திரியப் பொதுத் தேர்தலில் அத்தகைய பிரசாரம் செய்த கட்சியே முதலிடம் பெற்றது.

நகரத்தின் செழிப்பை அளக்க மாளிகைகளை எண்ண வேண்டியதில்லை. கையில் ஒரு மூட்டையுடன் ரயிலை விட்டு இறங்கும் வேற்றூர்க்காரனுக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் போதும். வேலையும் வீடும் மரியாதையும் கிடைத்தால், அவன் பிள்ளைகள் அந்நகரத்துக்குப் புகழ் தேடித் தருவார்கள். வசவு கிடைக்குமானால், வியன்னா 1938-ல் போன வழியில் அந்த நகரமும் அடியெடுத்து வைத்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். கல்மதிலை இடிக்க ஒரு சக்கரவர்த்தியின் உத்தரவு போதுமானதாயிருந்தது. மனத்திலுள்ள மதிலை இடிக்கும் பொறுப்பு நகர மக்கள் ஒவ்வொருவரையும் சார்ந்தது.