பஸ்ஸோட மோத வாங்கின ஹோர்ன்

காரைதீவுச் சந்தியில் பத்து நிமிசம் நின்று பாருங்க. அக்கரைப்பற்றில இருந்து வாற பஸ், கல்முனைக்குப் போற லொறி, நடுவில நம்மட பொடியன்மார். எல்லாரும் ஹோர்ன் அடிக்கிறாங்க, ஒருத்தரும் கேட்கிறதில்லை. இதுக்குள்ளதான் "குறைஞ்ச செலவில ஹோர்ன் சத்தத்தைக் கூட்ட வழியிருக்கா மச்சான்?" என்று கெம்பஸில் வாரத்துக்கு ஒருத்தன் கேட்கிறான்.

நானும் கூட்டினவன்தான். டியூசன் காசில பஸ் மாதிரிக் கத்துற ஒன்றை வாங்கி, ரிலேகூட இல்லாமல் பழைய வயரிலேயே கொழுவினேன். மூன்றாம் நாள், வீரமுனை தாண்டிச் சம்மாந்துறைக்குப் போகையில், முன்னால் சைக்கிளில் போன ஒரு வயசாளிக்குப் பின்னால் அடித்தேன். அவர் ஓரமாகவில்லை. திடுக்கிட்டு ஹேண்டிலை நடு ரோட்டுப் பக்கம் திருப்பி விழுந்தார். என்ட டயர் அவருடைய தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. "பஸ் எண்டுதான் நினைச்சன் தம்பி" என்றார். மன்னிப்புக் கேட்கிற தொனியில் அவர் சொன்னதுதான் இன்னும் குத்துது.

பெரிய சத்தம் பாதுகாப்பு என்கிறோம். யாருக்கு? கண்ணாடியை ஏத்திவிட்டு, பாட்டுப் போட்டு ஓடுற பஸ்காரனுக்கு நம்மட ஹோர்ன் நுளம்புச் சத்தம். அவனுக்குக் கொம்பிரசர் இருக்கு, நமக்கு உள்ளங்கை அளவு பட்டரி. அந்தப் போட்டியில நாம வெல்லப் போறதில்லை. பஸ்ஸுக்கு என்று வாங்கினதைச் சைக்கிளில் போற பிள்ளையின் காதில் அடிக்கிறோம், அவ்வளவுதான்.

2011 ஒழுங்குவிதிப்படி 2 மீற்றர் தூரத்தில் 105 டெசிபல்தான் எல்லை. பெட்டியில் 118 என்று போட்டிருப்பதைத் தேடி வாங்குகிறோம். 13 தானே கூட என்று நினைக்காதீங்க, ஒலியின் சக்தி 20 மடங்கு. கல்முனையில் இரண்டு பெரிய ஆஸ்பத்திரி இருக்கு என்பதையும் இதோட சேர்த்து யோசிங்க.

சத்தம் குறைஞ்சிட்டு என்கிற பாதிப் பேருக்குப் புது ஹோர்னே தேவையில்லை. நம்ம ஊர் உப்புக் காத்து எர்த் வயர் முனையையும் சுவிட்சையும் தின்னும். சேண்ட் பேப்பரால் சுரண்டித் துடைங்க. பட்டரியைப் பாருங்க. ஹோர்னின் முதுகில் சின்ன ஸ்குரூ இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சத்தம் தெளியிற இடத்தில் நிறுத்துங்க. சரிவராட்டி கம்பெனி அளவிலேயே ஒன்றை மாத்துங்க. இரட்டை ஹோர்ன்தான் வேணும் என்று நின்றால் ரிலேயும் பியூசும் கட்டாயம். என்ட சுவிட்ச் ஒரே கிழமையில் கருகினது; கராஜ் காக்கா சிரிச்ச சிரிப்பு!

"பஸ்ஸை விட்டுட்டு எங்களையே பிடிக்கிறீங்க" என்பீங்க. உண்மைதான். 2025 ஜனவரியில் பொலிஸார் வாகனங்களில் பூட்டின மேலதிக சாமான்களையும் சத்த ஹோர்ன்களையும் கழற்ற இறங்கினபோது முதலில் கத்தினதும் பஸ்காரர்தான். அவங்களில இருந்துதான் தொடங்க வேணும். அதுவரைக்கும் நாங்களும் அடிப்போம் என்றால், விழுறது பஸ்காரன் இல்லை.

கழற்றின ஹோர்னை அரை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தாங்க. கொடுக்கல்ல.